கல்லுக்குப் பேர் வைத்தவர்கள்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். நான் எல்.கே.ஜி-யில இருந்தே இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஒரு பக்கத்துக்கு மேல எழுதுறது பிளஸ் டூ பரீட்சைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. சந்தி எங்கயாவது தப்பா இருந்தா எடிட்டரைத் திட்டுங்க, என்னை விட்டுடுங்க.

நான் சிவில், ஃபைனல் இயர். ஊர் எண்ணூர் நெட்டுக்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு கடல்ல கலக்கிற முகத்துவாரம், நிமிர்ந்து பார்த்தா அனல்மின் நிலையப் புகைபோக்கி. நான் சொல்லப் போற விஷயம் எங்க ஊர்ல தொடங்கல. புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்கிற ஒரு கல்தொட்டியில தொடங்குது.

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நாங்க எடுத்த தலைப்பு, பழைய கட்டடங்களோட கூரை அமைப்பு. அதுக்காகத்தான் கோட்டைக்குள்ள இருக்கிற புனித மரியாள் தேவாலயத்துக்குப் போனோம். தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்துலயே இருக்கு, ஆனா கேட்ல பையைத் திறந்து காட்டிட்டு உள்ள போற பல பேர் அதைப் பார்க்காமலே திரும்பிடுறாங்க. 1678-ல கட்ட ஆரம்பிச்சு, 1680 அக்டோபர் 28-ல திறந்து வைச்ச தேவாலயம் அது. இந்தியாவுல இருக்கிற ஆங்கிலிக்கன் தேவாலயங்கள்ல இதுதான் பழசு. சுவர் சுமார் நாலு அடி கனம். கூரையில மர உத்தரம் கிடையாது, எல்லாம் வளைவுக் கூரை. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கணும்னு யோசிச்சுக் கட்டினது. எங்க ப்ராஜெக்ட்டுக்கு அதுவே போதும். டேப்பை வெச்சு அளந்துட்டு, போட்டோ எடுத்துட்டுக் கிளம்பியிருக்கணும்.

அப்பதான் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். கறுப்புக் கல்லுல குடைஞ்ச ஞானஸ்நானத் தொட்டி, மேல ஒரு மரமூடி. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறப்போ தண்ணி நிரப்புற பாத்திரம். கிட்டப் போய்ப் பார்த்தா, வெளிச்சம் படுற இடத்துல ஒரு நீலக் கறுப்பு மினுமினுப்பு. எனக்கு அந்தக் கல்லைத் தெரியும். உங்கள்ல சிவில் படிக்கிறவங்களுக்கும் தெரியும். மூணாவது செமஸ்டர் ஜியாலஜி லேப்ல தட்டுல வெச்சிருப்பாங்களே, சார்னோக்கைட். பல்லாவரம் கல்.

அதோட கதை தெரிஞ்சா நீங்களும் கொஞ்ச நேரம் நின்னிருப்பீங்க.

1689-ல ஜாப் சார்னாக்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, வங்காளத்துல சண்டை முத்தினதால பின்வாங்கிச் சென்னைக்கு வந்திருந்தார். அந்த வருஷம் ஆகஸ்ட்ல அவரோட மூணு பெண்களுக்கு இந்தத் தேவாலயத்துல ஞானஸ்நானம் நடந்துச்சு. மேரி, எலிசபெத், கேத்தரின். அடுத்த வருஷம் அவர் திரும்பிப் போய் ஹூக்ளிக் கரையில இறங்கின இடம்தான் பின்னாடி கல்கத்தா ஆச்சு. கல்கத்தாவை நிறுவினவர்னு ரொம்ப நாள் பாடப்புத்தகத்துல இருந்துச்சு. அப்படி ஒருத்தரை நிறுவினவர்னு சொல்ல முடியாதுன்னு 2003-ல கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு, அது வேற விஷயம். அவர் இறந்தப்போ கல்கத்தாவுல கல்லறைக்கு வெச்ச கல்லும் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்தான். இருநூறு வருஷம் கழிச்சு, 1893-ல, தாமஸ் ஹாலண்ட்ங்கிற புவியியலாளர் அந்தக் கல்லை ஆராய்ச்சி பண்ணி, சார்னாக்கோட கல்லறைக் கல்லுங்கிறதால சார்னோக்கைட்னு பேர் வெச்சார். உலகம் முழுக்க, அண்டார்க்டிகாவுல கிடைச்சாலும், இந்த வகைக் கல்லுக்கு இப்ப அந்தப் பேர்தான்.

ஒரு நிமிஷம் யோசிங்க. பூமிக்கு அடியில 20 கிலோமீட்டருக்கும் கீழ, கிட்டத்தட்ட 800 டிகிரி சூட்டுல வெந்து உருவான கல். பல்லாவரத்துல அதுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். பரங்கிமலையில இருக்கிற பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாவே அறிவிச்சிருக்காங்க. அந்த வகைக் கல்லை ஒரு ஆளோட கல்லறை மேல வெச்சதால அவர் பேர் அதுக்கு வந்துடுச்சு. அந்த மூணு பெண்களோட அம்மா இந்தியப் பெண். அவங்களை உடன்கட்டை ஏறாம சார்னாக் காப்பாத்தினார்னு ஒரு கதை உண்டு. அவங்க பேர் என்னன்னு இன்னைக்கு வரைக்கும் உறுதியா யாருக்கும் தெரியாது. அப்பா பேர் கல்லுக்கே இருக்கு, பெண்கள் பேர் தேவாலயப் பதிவுல இருக்கு, அம்மா பேர் மட்டும் எங்கயும் தங்கல. தொட்டியை ஆப்பு அடிச்சுப் பிளந்து, உளி பிடிச்சுக் குடைஞ்சவங்க பேரைப் பத்திக் கேட்கவே வேண்டாம்.

இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலயங்கள்ல எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷப் பழைய கல்தொட்டிகள் இன்னும் இருக்கு. பொதுவா வாசலுக்குப் பக்கத்துல வெச்சிருப்பாங்க, ஏன்னா ஒருத்தர் சபைக்குள்ள நுழையுறதே அந்தத் தண்ணி வழியாத்தான். அந்தத் தண்ணியை யாராவது மாந்திரீகத்துக்குத் திருடிடுவாங்கன்னு பயந்து, 1236-ல கான்டர்பரி பேராயர் மூடிக்குப் பூட்டுப் போடச் சொன்னார். அங்க நிறைய தொட்டி சுண்ணாம்புக்கல், தண்ணி ஊறி இறங்கும். அதனால உள்ள ஈயத்தகடு அடிப்பாங்க. 1640-கள்ல உள்நாட்டுப் போர் நடந்தப்போ பல தொட்டிகள்ல இருந்த உருவங்களை உடைச்சாங்க, சிலதைத் தூக்கியே போட்டாங்க. 1660-ல மன்னராட்சி திரும்பினதும் தொட்டிகளும் திரும்பி வந்துச்சு. அதுக்கு இருபது வருஷம் கழிச்சு எழுந்ததுதான் நம்ம கோட்டைத் தேவாலயம். கடல் கடந்து வந்தவங்க வழக்கத்தைக் கூடவே கொண்டு வந்தாங்க, கல்லை மட்டும் இங்க எடுத்தாங்க. நல்ல கல்லாத்தான் எடுத்தாங்க. சார்னோக்கைட்ல தண்ணி இறங்கவே இறங்காது.

தண்ணி இறங்காத கல்லுன்னா நம்ம ஊர்ல என்ன பண்ணுவோம்? அம்மி, ஆட்டுக்கல்.

இங்கதான் நான் உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும்.

எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு ஆட்டுக்கல் இருந்துச்சு. கிரைண்டர் வந்த பிறகு அதுல மாவு ஆட்டல. மழைத் தண்ணி தேங்கும், காக்கா குடிக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி மேல ஒரு ரூம் கட்ட மணலும் ஜல்லியும் இறக்க இடம் வேணும்னு பார்த்தப்போ அது குறுக்க நின்னுச்சு. ஈ.சி.ஆர் பக்கம் ரெசார்ட்டுக்கு அலங்காரமா வைக்கப் பழைய கல்லு வாங்குற ஒருத்தர் வந்தார். 1,200 ரூபாய் தரேன்னார். நைனா என் முகத்தைப் பார்த்தார். "குடுத்துடலாம் நைனா, சும்மாதானே கெடக்கு"ன்னு சொன்னது நான்தான். குட்டியானையில ஏத்த ஒரு பக்கம் தூக்கிப் பிடிச்சதும் நான்தான். ஆயா திண்ணையில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசல.

அது மூணாவது செமஸ்டர். அதே மாசம் ஜியாலஜி வைவாவுல ஒரு கறுப்புத் துண்டைக் கையில குடுத்து என்னன்னு கேட்டாங்க. "சார்னோக்கைட் மேடம், ஹைப்பர்ஸ்தீன் இருக்கு, குவார்ட்ஸ் நீலமா தெரியுது"ன்னு கடகடன்னு இங்கிலீஷ்ல சொல்லி ஃபுல் மார்க் வாங்கினேன். வீட்டுல இருந்து போன கல்லும் அதே கல்லுன்னு எனக்குத் தோணவே இல்லை. கோட்டைத் தொட்டி முன்னாடி நின்னப்போதான், அதே நீலக் கறுப்பு மினுமினுப்பைப் பார்த்து, அடிவயித்துல ஏதோ பண்ணுச்சு.

அன்னைக்கு ராத்திரி ஆயாகிட்ட கேட்டேன், "அந்த ஆட்டுக்கல் எங்க வாங்கினது?"

"இன்னாடா திடீர்னு? அத்த எங்க அம்மா வாங்கினது. கால்வாயில படகுல ஏத்திக்கினு வந்துச்சு. இட்லி வித்துத்தான் எங்க நாலு பேரையும் காப்பாத்துச்சு."

அப்புறம் ஆயா சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துது. "நீ பொறந்தப்போ உன்னக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுனது அந்தக் கல்லாண்டதான். உன் காதுல மூணு தபா பேரச் சொன்னதும் அங்கதான்."

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனா எனக்கும் ஒரு கல், தண்ணி, பேர் எல்லாம் ஒரே இடத்துல இருந்திருக்கு. அந்த இடத்தைத்தான் நான் 1,200 ரூபாய்க்கு வித்திருக்கேன்.

"உங்க அம்மா பேரு என்ன ஆயா?"ன்னு கேட்டேன். ஜாப் சார்னாக்கோட மூணு பெண்கள் பேரும் எனக்கு மனப்பாடம். எங்க ஆயாவோட அம்மா பேர் எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ரேஷன் கார்டு, ஆதார் எதுலயும் அவங்க இல்லை. ஆயா பேரைச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்துச்சு. "அந்தப் பேர வாயால சொல்லி எவ்ளோ வருசமாச்சு"ன்னுச்சு.

கல்லு திரும்பக் கிடைக்கல. வாங்கினவர் நம்பருக்கு மூணு தடவை போன் பண்ணேன், நம்பர் உபயோகத்துல இல்லை. ஏதோ ஒரு ரெசார்ட் தோட்டத்துல பூ மிதக்க விட்டு வெச்சிருப்பாங்க. அங்க போறவங்க போட்டோ எடுப்பாங்க.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முதல் பக்கத்துல நன்றி சொல்லணும், தெரியும்ல? ஹெச்.ஓ.டி., கைடு, லேப் அசிஸ்டென்ட் எல்லாரும் வரிசையா வருவாங்க. கடைசி வரியில ஆயாவோட அம்மா பேரைப் போட்டேன். கைடு படிச்சுட்டு, "இது யாருப்பா?"ன்னு கேட்டார். "கல்லு சப்ளை பண்ணவங்க சார்"னு சொன்னேன். சிரிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார்.

அந்தப் பேரை இங்க எழுதல, ஆயாவுக்குப் பிடிக்காது. ஆனா ரிப்போர்ட் காப்பி ஒண்ணு நம்ம டிபார்ட்மென்ட் லைப்ரரியில இருக்கு. கோட்டைப் பக்கம் போனீங்கன்னா, தேவாலயத்துக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் போய் அந்தத் தொட்டியைப் பாருங்க. வீட்டுக்குத் திரும்பினதும் உங்க ஆயாகிட்ட அவங்க அம்மா பேரைக் கேளுங்க. கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.