இடாப்பு சொன்ன கதை

தரம் 10 மாணவன் ஒருவனுக்கு இரண்டாந் தவணைக் கணிதத்தில் 28 புள்ளிகள். சாதாரண தரத்தில் 'எஸ்' எடுக்கவே 35 வேண்டும். வாப்பாவிடம் முறையிடப் போகுமுன் வரவு இடாப்பைப் புரட்டினேன். வியாழன்தோறும் வரவில்லை.

"சந்தை நாள் சேர். வாப்பாக்கு ஆளில்ல."

வியாழன்தான் எனக்கு இரட்டைப் பாடவேளை. சமன்பாடுகளை அன்றுதான் படிப்பித்தேன். விடைத்தாளில் அவன் தொடாமல் விட்டதும் அவற்றைத்தான். இன்னும் நாலு மாதிரி வினாத்தாள் கொடுத்திருந்தாலும் அதே 28தான் வந்திருக்கும். பரீட்சை ஓட்டையைக் காட்டும், அடைக்காது.

புதிய பாடங்களைத் திங்களுக்கு மாற்றினேன். விட்டதை இடைவேளைகளில் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாந் தவணையில் 41. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனாலும் வியாழக்கிழமைகளில் அவனது கதிரை இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அதற்கு என்னிடம் பாடத்திட்டம் இல்லை.