முதலில் ஒரு சந்தை முடிப்போம்

தெருப்பூனையைப் பிடிக்கப் போகும் நாளுக்கு முந்திய இரவு, அந்தத் தெருவில் யாரும் சோறு வைக்கக் கூடாது. எங்கள் வேலையில் இதைவிடக் கடினமான விதி வேறு இல்லை. கூண்டை வாங்கிவிடலாம். மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கிவிடலாம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், பழைய ஆட்கள் கடைத்தெரு என்று சொல்லும் லெபோ பாசாரில், அத்தனை கடைக்காரர்களும் ஓர் இரவு கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்படி செய்வதுதான் பெரும்பாடு. ஒருவர் மனம் இளகி ஒரு கெம்போங் மீன்தலையைக் கடைமுன் நடைபாதையான அஞ்சடியில் போட்டால் போதும். மறுநாள் விடியலில் வயிறு நிறைந்த பூனை கூண்டை முகர்ந்து பார்த்துவிட்டு வெயில் காயப் போய்விடும்.

"பாவம் தங்கச்சி, ராத்திரியெல்லாம் கத்துச்சு, மனசு கேக்கல" என்பார் பூக்கடை அக்கா. அவரோடு சண்டை போட முடியாது. அந்தப் பூனைகளைப் பல வருடமாகக் காப்பாற்றி வருவது அவர்தான், நான் இல்லை.

நாங்கள் செய்வது எளிய காரியம். பூனையைப் பிடிக்கிறோம், கருத்தடை அறுவை செய்விக்கிறோம், பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறோம். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியை மருத்துவர் சிறிதளவு நேராக வெட்டிவிடுவார். முடிந்த பூனை எது, முடியாதது எது என்று தூரத்திலிருந்தே தெரியவேண்டும் அல்லவா? காது வெட்டிய பூனையைக் கண்டு "யாரோ கொடுமை பண்ணியிருக்காங்க" என்று கோபப்படுபவர்கள் இன்னும் உண்டு. பூனையின் மீது அக்கறை இருப்பதால் வரும் கோபம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

"பிடித்ததை ஏன் திரும்ப விடுகிறீர்கள், எங்காவது கொண்டுபோய் விடக்கூடாதா?" என்று கேட்காத கடைக்காரர் இல்லை. உணவும் ஒதுங்க இடமும் இருக்கும் தெரு காலியாக இருக்காது. இருப்பவற்றை அப்புறப்படுத்தினால் அடுத்த தெருப் பூனை வந்து குடியேறும், அதுவும் குட்டி போடும். கருத்தடை ஆன பூனை தன் இடத்தைக் காத்துக்கொண்டு இருக்கும், ஆனால் பெருகாது. கடுவன்கள் இரவில் போடும் சண்டையும் சுவரில் அடிக்கும் மூத்திர நாற்றமும் பெரிதும் குறைந்துவிடும். கடைக்காரர்கள் பலர் வழிக்கு வருவது இந்த நாற்றக் கணக்கில்தான். வரட்டும், எந்தக் காரணமானால் என்ன.

கணக்கு என்றால் பூனைக் கணக்கு வேகமானது. நாலைந்து மாதக் குட்டியே சினையாகும். ஏறக்குறைய ஒன்பது வாரத்தில் ஈனும். ஓர் ஈற்றில் மூன்று, நான்கு, ஐந்து. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினைக்குத் தயாராகிவிடும். குளிர்நாடுகளில் இதற்குப் பருவம் உண்டு, பினாங்கில் ஆண்டு முழுதும் பருவம்தான். ஒரு சந்தில் எல்லாவற்றையும் பிடித்து இரண்டு பெட்டைகளை மட்டும் விட்டுவிட்டால், ஒரு வருடத்தில் சந்து பழையபடி நிறைந்துவிடும். அதனால் பத்துத் தெருவில் பாதிப் பாதி செய்வதை நான் வேலையாகவே சேர்ப்பதில்லை. ஒரு சந்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

முழுசாக முடிக்க ஜார்ஜ்டவுன் எளிதில் விடாது. இங்கே வாடகைக் கட்டுப்பாடு 2000-இன் தொடக்கத்தோடு ஒழிந்தது. தலைமுறை தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் நகருக்கு இடம் கிடைத்த பின் சில வீடுகள் விடுதியாயின, சில இன்னும் பூட்டியே கிடக்கின்றன. ஓடு சரிந்த பூட்டிய வீட்டைவிடத் தாய்ப்பூனைக்கு நல்ல பிரசவ அறை கிடையாது. உள்ளே எத்தனை குட்டி என்று வெளியில் நிற்கும் எனக்குத் தெரியாது. பக்கத்து மாடியில் துணி உலர்த்தும் பாட்டிக்குத் தெரியும்.

ஆகவே நான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது விசாரிப்பது. யார், எத்தனை மணிக்கு, எந்தத் தூணடியில் சோறு வைக்கிறார், எது புதிதாக வந்தது, எதன் வயிறு பெருத்திருக்கிறது. பிறகு சோறு வைப்பவரிடம் ஓர் உதவி கேட்பேன்: தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். சில வாரம் அப்படி வைத்தால் பூனைகள் கடிகாரம் பார்த்ததுபோல வந்து நிற்கும். எண்ணலாம், காது பார்க்கலாம், கூண்டையும் அங்கேயே வைக்கலாம்.

கூண்டின் அடியில் செய்தித்தாள் விரித்து, மிதிபலகைக்கு அப்பால், கடைசி மூலையில் மத்தி மீனை வைக்க வேண்டும். பலகைக்கு இப்பால் வைத்தால் பூனை எட்டித் தின்றுவிட்டுப் பின்வாங்கிவிடும். கதவு விழுந்த அடுத்த நொடி கூண்டுமீது துணி போட வேண்டும். இருட்டானால் துள்ளல் அடங்கும். பிடிபட்டது பெட்டையானால் முலைக்காம்பைப் பார்க்கிறேன். காம்பைச் சுற்றி மயிர் உதிர்ந்து, சப்பிய தடம் இருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. குட்டிகள் எங்கே என்று அந்த இடத்துக்காரர்கள் சொல்ல முடியாவிட்டால் அதைத் திறந்துவிடுவேன். கைக்கு வந்ததை விடுவது எரிச்சல்தான்.

அறுவை மருத்துவரின் வேலை. எங்களுக்குத் திண்டாட்டம் அதன் பிறகு. கடுவனுக்கு ஓர் இரவு, பெட்டைக்கு இரண்டு இரவாவது கூண்டில் ஓய்வு வேண்டும், வெயிலும் மழையும் நாயும் அண்டாத இடத்தில். உதவுவதென்றால் ரொட்டியும் ரொக்கமும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பணம் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு எப்போதும் தட்டுப்பாடாக இருப்பது ஒரு கடையின் பின்கட்டு, ஒரு வேன், பழைய துண்டுகள். துணிக்கடை முதலாளி ஒருவர் சரக்கறையின் ஒரு மூலையைக் கொடுத்தார். அதன் பிறகுதான் அவருடைய சந்து முடிந்தது.

மறுப்பவர்களும் உண்டு. "பூனைக்கும் குடும்பக் கட்டுப்பாடா?" என்று சிரிப்பவர்களோடு நானும் சிரித்துவிடுவேன். நாசி கண்டார் கடை அண்ணன் தயங்கியது வேறு காரணத்தால், மார்க்கப்படி இது கூடுமா என்று. பொது நலனுக்குத் தேவையென்றால் பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை செய்யலாம் என்பது மலேசிய தேசிய ஃபத்வா மன்றத்தின் முடிவு. நான் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. பள்ளிவாசலில் கேட்டுவிட்டு வந்தார், பிறகு தானே கூண்டு தூக்கினார்.

பூனைகளைவிடத் தெருநாய்களின் கதை கசப்பானது. 2015 செப்டம்பரில் பினாங்கில் வெறிநோய் தென்பட்டதும் மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல உத்தரவிட்டது. எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. அச்சம் நியாயமானதுதான், வெறிநோய் வந்த மனிதர் பிழைப்பது மிக அரிது. ஆனால் பரவலை அறுப்பது தடுப்பூசி; பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குப் போட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கொல்வதால் பயனில்லை என்பதைச் சென்னை நமக்கு முன்பே கண்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்த மாநகராட்சி, நாய்கள் குறையாததைப் பார்த்து, 1996-இல் புளூ கிராஸ் அமைப்போடு சேர்ந்து கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியது. புளூ கிராஸ் அதை அறுபதுகளிலிருந்தே கேட்டுவந்தது.

மலேசியாவில் சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. கொடுமைக்குக் குறைந்தது 20,000 வெள்ளி, அதிகபட்சம் ஒரு லட்சம் வெள்ளி அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பூனைமீது வெந்நீர் ஊற்றுபவரைக் கண்டால் கால்நடைச் சேவைத் துறைக்குப் புகார் கொடுக்கலாம், ஜெலுத்தோங்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ. இருக்கிறது. ஆனால் காப்பகம் எதற்கும் எல்லையற்ற இடம் கிடையாது. குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுக் காப்பகத்து வாசலில் வைத்துவிட்டு வருவதைப் புண்ணியம் என்று நினைப்பவர்கள், அந்தக் குட்டிகளின் தாய் இன்னும் தெருவில் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் சோறு வைப்பவரானால் வையுங்கள், நிறுத்தவேண்டாம். நாளைக்கு உங்கள் பூனைகளின் இடது காதைப் பாருங்கள். வெட்டாதவை எத்தனை என்று எண்ணி, பிடிப்பவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் அந்த ஓர் இரவு மட்டும் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், பக்கத்துக் கடைக்காரரையும் வைக்கச் சொல்லுங்கள்.