கைக்குட்டையும் கணையாழியும்

1963-ஆம் வருஷம் வெளிவந்த 'இரத்தத் திலகம்' படத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகக் காட்சி ஒன்று ஆங்கிலத்திலேயே வருகிறது. சிவாஜி கணேசன் ஒதெல்லோ, சாவித்திரி டெஸ்டிமோனா. சென்ற ஞாயிறு இரவு, சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "பாவம், அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்?" என்று கேட்டாள் என் மனைவி.

பள்ளிக்கூட உபாத்தியாயரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமோ? நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடத்தை ஆரம்பித்துவிட்டேன்.

"அவன் வெனிஸ் நகரத்துச் சேனாதிபதி. தன் தாயார் கொடுத்த கைக்குட்டையை அவளுக்குக் காதற்பரிசாக அளித்தான். அது கீழே விழுந்தது. தோழி எமிலியா அதை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தாள். அந்தப் பாதகன் அதைக் காஸியோவின் அறையில் போட்டுவிட்டான். 'கைக்குட்டை எங்கே?' என்று ஒதெல்லோ சீறியபோது, அவள் பயந்து, 'தொலையவில்லை' என்று பொய் சொன்னாள். காஸியோவின் பெயரைச் சொல்லி அவளிடம் நேரே குற்றஞ்சாட்டியதோ கொலை செய்ய வந்த இரவில்தான்!"

"பயம் வந்தால் யார்தான் பொய் சொல்லமாட்டார்கள்?" என்றாள் அவள். அவள் பார்வை தன் விரலிலிருந்த மோதிரத்தின்மேல் சென்றது. என் பாடம் அத்துடன் நின்றது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் அந்த மோதிரம் அவள் விரலில் காணப்படவில்லை. கேட்டதற்கு, "பெட்டியில் இருக்கிறது" என்றாள். பெட்டியில் இல்லை. தெரிந்தவர் ஒருவர், அவளைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் தனியே கண்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இயாகோ அல்லர். இயாகோவின் வேலையை என் மனமே செய்துகொண்டது. மூன்று வாரம் நான் அவளுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அடகுச் சீட்டு அகப்பட்டது. தன் தாயாரின் வைத்தியத்துக்காக மோதிரத்தை வைத்திருந்தாள்.

"ஏன் மறைத்தாய்?" என்றேன்.

"'நான் வாங்கிக் கொடுத்த மோதிரம்' என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அதனால்தான்" என்றாள்.

கொடுத்த பொருளையே என்னுடையது என்று எண்ணியவன், கைப்பிடித்தவளை மட்டும் வேறு எவ்விதம் எண்ணியிருப்பேன்? ஒதெல்லோவைப் பார்த்து நாம் பதைக்கிறோம். ஆனால் அவன் நோயின் முதற்குறி, மூன்று வார மௌனமாக எத்தனையோ நல்ல குடும்பங்களில் தலைகாட்டிவிட்டுப் போகிறது.

அந்த மூன்று வாரத்துக்காக நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. ஞாயிறு இரவுதான் கேட்டேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பொழுதே கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாலுக்கு உறை ஊற்ற எழுந்து போனாள்.