மர விமானத்தில் ஒரு துளை

விமானம் என்றதும் நம் கண்முன் நிற்பது பளபளக்கும் அலுமினியம். ஆனால் 1940 நவம்பர் 25-ல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் 'மாஸ்கிட்டோ' போர் விமானம் மரத்தாலானது. பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டிய உடல். இறக்கையைத் தாங்கும் உத்தரங்களில் ஸ்புரூஸ் மரம். ஹை விக்கம் என்னும் ஊரில் மேசை நாற்காலி செய்த பட்டறைகள் அதன் பாகங்களைச் செய்தன!

பசையால் எத்தனையோ ஒட்டலாம். எஞ்சினை ஒட்டித் தொங்கவிட முடியுமா? அங்கே போல்ட் வேண்டும். போல்ட்டுக்குத் துளை வேண்டும். என்னை ஈர்த்தது அந்தத் துளைதான்.

மரம் இரும்பைப்போல் ஒரே சீரானது அன்று. ஸ்புரூஸின் ஆண்டு வளையத்தில் வசந்தத்தில் வளர்ந்த பகுதி மென்மை. கோடையில் வளர்ந்தது கடினம். டிரில்லின் முனை மென்மையான பக்கம் சாய்ந்துவிடும். தச்சர் ஒருவரிடம் கை டிரில் இரவல் வாங்கி, ஒரு கனத்த பைன் கட்டையில் சோதித்தேன். குறித்த புள்ளியில் நுழைந்த முனை, மறுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி எட்டிப் பார்த்தது. நாற்காலிக்கு இது போதும். விமானத்தில் உத்தரத்தின் இருபுறமும் உலோகத் தகடுகள் உண்டு. அவற்றின் துளைகள் மரத்துக்காக இடம் மாறா.

துளையைப் பெரிதாக்கி போல்ட்டை நுழைத்துவிடலாமே என்று கேட்கலாம். அதில்தான் ஆபத்து. தளர்ந்த போல்ட் ஒவ்வொரு குலுக்கலிலும் முன்னும் பின்னும் அசைந்து, நாரை நசுக்கித் துளையை மேலும் அகலமாக்கும். இறுக்கமான துளையில் அடித்து இறக்கினாலோ மரம் பிளக்கும். தவறிய துளையில் மரமுளை அடித்து மூடினால் கண்ணுக்குத்தான் நிறைவு. அறுந்த நார் அறுந்ததுதான். வளையும் உத்தரத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் தகைவு உச்சம் என்று வகுப்பில் படித்தோமே, அந்த விளிம்பருகே துளை விழுந்தால் பல நாள் உழைப்பு விறகாகிவிடும்.

ஆகவே முனைக்கு வழிகாட்ட எஃகுக் குழல் பொருத்திய அச்சு, கூரான டிரில், அடியில் நார் பிய்யாதிருக்க இறுகக் கட்டிய ஒரு வீண்பலகை. முதலில் சிறு துளை, பிறகு ரீமரால் சரியான அளவு. கைத்திறன் என்று நாம் புகழ்வதில் பாதி இந்த முன்னேற்பாடுதான் என்பது என் எண்ணம். ஈரம் புகாமல் துளைக்குள்ளும் வார்னிஷ் பூச வேண்டும். நட்டின் கீழே அகன்ற வாஷர். இல்லையேல் அது மரத்தில் புதைந்துவிடும்.

வீட்டுக் கொட்டகையில் மர விமானம் கட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதே மரத்தின் கழிவுத் துண்டில் முதலில் துளைத்து, அதை நெடுக்கே பிளந்து, துளை நேராக ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உத்தரத்தைத் தொட வேண்டும்.