இறங்கும்போதுதான் தெரியும் மலை

கேமரன் மலைக்கு ஏறுகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தையும் ஸ்ட்ராபெரியையும் படம் பிடிப்பார்கள். என் கண்ணில் முதலில் படுவது பழைய லேண்ட் ரோவர்கள்தான். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை, துருப்பிடித்த கதவும் சேறு அப்பிய சக்கரமுமாக, முட்டைக்கோஸ் கூடைகளைச் சுமந்துகொண்டு அவை இன்னும் உழைக்கின்றன. 1948இல் அறிமுகமான இங்கிலாந்து வண்டிக்கு நம் மலைத் தோட்டப் பாதைகள் புகுந்த வீடாகிவிட்டன.

என் மைத்துனரிடமும் ஒன்று உண்டு. சீரிஸ் 3, குட்டை வண்டி. அதன் பின்னால் டிரெய்லரை மாட்டி, காய்கறி ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கினோம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கண்டார் அருவிக்குச் சற்று மேலே கருகிய வாடை வந்தது. மைத்துனர் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கியரைக் குறைத்து, பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து, புல் ஓரமாக ஒதுக்கி ஒருவழியாக நிறுத்தினார். அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை.

மறுநாள் மலையிலுள்ள ஒரு பட்டறைக்குப் போனோம். வயதான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றியபடியே சொன்னார்: “பெரிய இஞ்சின் போடச் சொல்லித்தான் எல்லாரும் வருவாங்க தம்பி. பிரேக்கைப் பாருங்கன்னு வர்றவங்க, பயந்த பிறகுதான் வருவாங்க.”

அவர் சொன்னது கணக்கிலும் சரிதான். வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். 1,300 மீட்டர் உயரம் இறங்கும்போது முழுப் பாரத்தையும் பிரேக்கே பிடித்து நிறுத்தினால், உண்டாகும் சூடு சுமார் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அந்தச் சூட்டில் டிரம் விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும். பழைய பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருந்தால் சீக்கிரமே கொதித்துக் குமிழி விடும். பெடல் பஞ்சாவது அதனால்தான்.

வேலை இரண்டு வாரம் பிடித்தது. முன் சக்கரங்களுக்கு டிரம்முக்குப் பதில் டிஸ்க். டிஸ்க் காற்றில் சீக்கிரம் ஆறும். ஆற்றைக் கடந்தாலும் தண்ணீரும் சேறும் உள்ளே தங்காது. மிதிக்கும் பலத்தைக் கூட்ட சர்வோ. ஒரு குழாய் ஒழுகினாலும் மற்றது பிடிக்கும்படி முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்று. புதிய குழாய்கள், புதிய டாட் 4 எண்ணெய். “ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை எண்ணெயை மாத்திடுங்க” என்றார்.

கடைசியாக டிரெய்லரைக் காட்டினார். அதற்குப் பிரேக்கே இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிற பாரத்தை முன்னால் போகிற வண்டி மட்டும் தாங்க முடியாது என்று, டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும்போது தானாகவே பிடிக்கும் பிரேக்கை அதற்கும் பொருத்தினார். ஹேண்ட் பிரேக் பற்றியும் எச்சரித்தார். இந்த வண்டிகளில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை; சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டைப் பிடிக்கிறது. ஓட்டத்தில் இழுத்தால் உள்ளே அச்சு முறியலாம்.

இப்படிப்பட்ட மாற்றங்களைத் தொடங்கும் முன் ஜேபிஜே அனுமதியை விசாரித்துக்கொள்வது அவசியம். எவ்வளவு செலவழித்தாலும், மலையில் குறைந்த கியரில் இறங்கும் பழக்கத்துக்கு ஈடு கிடையாது.

மூன்றாவது வாரம் மறுபடியும் இறங்கினோம். அதே பாரம், அதே வளைவுகள். பெடல் கல் மாதிரி நின்றது. லாத்தா இஸ்கண்டாரில் நிறுத்தி, சக்கரத்தருகே கை நீட்டிப் பார்த்தார் மைத்துனர். சூடு இருந்தது, கருகல் வாடை இல்லை. சாலையோரக் கடையில் பெட்டைக்காய் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, அன்றுதான் அருவியை நிதானமாகப் பார்த்தோம்.