ஆவாரம்பூவும் சர்க்கரை நோயும்

காரைக்குடியை அடுத்த மானகிரி போன்ற வறண்ட பூமிக்கென்றே பிறந்த செடி ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஒடித்து வருவார்கள். மற்ற நாட்களில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வீட்டில் யாருக்காவது சர்க்கரை வரும்வரை. ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு அண்டாது என்ற பொருளில் பழமொழியே உண்டு. சித்த மருத்துவத்தின் ஆவாரைக் குடிநீரும் இதை வைத்துத்தான்.

பழமொழி இருக்கட்டும், ஆய்வு என்ன சொல்கிறது?

இரத்தத்தில் சர்க்கரை கூடியே இருந்தால் செல்களுக்குள் ஃப்ரீ ராடிகல்கள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. இவற்றை அடக்க கேட்டலேஸ், குளூட்டாதயோன் போன்ற காவலாளிகள் உடம்பிலேயே உண்டு. காவல் போதாமல் போகும் நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். கண், சிறுநீரகம், நரம்பு மூன்றும் கெடுவதில் இதற்குப் பங்கு உண்டு. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் இந்தக் காவல் இயல்பிலேயே குறைவு என்பதுதான் வேதனை.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பாரி, லதா இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரெப்டோசோடோசின் கொடுத்துச் சர்க்கரை நோய் வரவழைத்த எலிகளுக்கு ஆவாரம்பூவின் நீர்ச்சாற்றை 30 நாட்கள் கொடுத்தார்கள். கிலோ எடைக்கு 0.45 கிராம் கொடுத்தபோது சர்க்கரை இறங்கியது. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் குறைந்தது, குளூட்டாதயோன் ஏறியது. நல்ல முடிவுதான், சந்தேகமில்லை.

ஆனால் அது எலி. அதன் பீட்டா செல்களை மருந்தால் அழித்து வரவழைத்த நோயும், நாற்பது வயதில் தொப்பையோடு வரும் நம் ஊர் இரண்டாம் வகையும் ஒன்றல்ல. அளவையும் பாருங்கள். உடல் பரப்புக்கு ஏற்பக் கணக்கிட்டால் 60 கிலோ மனிதருக்கு நாளுக்குச் சுமார் 4 கிராம் சாறு வரும். பூ அல்ல, வடித்து வற்றவைத்த சாறு! டீ டம்ளரில் மிதக்கும் நாலு பூவில் எவ்வளவு இறங்குகிறதோ? இன்னொன்று, ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தாலே நோய் விலகும் என்றும் இல்லை. 2000-ல் வெளியான ஹோப் ஆய்வில் 9,500-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வைட்டமின் ஈ-யைச் சோதித்தார்கள். அவர்களில் சர்க்கரை நோயாளிகளும் நிறையப் பேர். மாரடைப்பு குறையவில்லை.

கவலை இதில்தான். பூ வந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு, இன்சுலினை நிறுத்துகிறவர்களும் உண்டு. முதல் வகை நோயாளி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இதற்கு நேர்மாறாக, கிளிபென்கிளமைடு மாத்திரையோடு கஷாயத்தையும் குடிப்பவர்களுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கி வியர்வையும் நடுக்கமும் வரக்கூடும். இதையெல்லாம் குடிப்பதாக டாக்டரிடம் சொல்லப் பலருக்குக் கூச்சம். டாக்டர்களும் கேட்பதில்லை.