காய் நறுக்குவது யார்?

எடை குறைக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது நேற்றைய சாப்பாட்டை. காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை வயிற்றுக்குள் போனதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொல்வேன். எங்கள் பாடப்புத்தகம் இதை 24 மணி நேர நினைவுகூரல் என்கிறது. ஒரு தடவை சொல்லி முடித்தபின் மறுபடியும் பொறுமையாகக் கேட்டால்தான் பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையும், அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்ட வடையும் வெளியே வரும். உணவு ஆலோசனைத் தொழிலில் பாதி வேலை இப்படிக் காது கொடுப்பதுதான்.

சில வருடங்களாக அந்தப் பட்டியலில் புதிய பெயர்கள் ஏறியிருக்கின்றன. மசாலா ஓட்ஸ், மல்டிகிரெயின் பிரட், சுகர் ஃப்ரீ பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ், புரோட்டீன் பவுடர், உடம்பு இளைக்கும் டீத்தூள். "இட்லி, தோசையெல்லாம் விட்டாச்சு மேடம். காலைல ஓட்ஸ்தான். நாலு மணிக்கு டயட் பிஸ்கட் நாலே நாலு. ஆனா வெயிட் மட்டும் அசைய மாட்டேங்குது." மதுரையில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொல்கிறவர்களின் வருத்தம் உண்மையானது. காசு செலவழித்து, பிடித்ததை விட்டு, ருசியில்லாததைத் தின்று, அதன் பிறகும் எடை இறங்கவில்லை என்றால் யாருக்கும் மனசு விட்டுப்போகும்.

அடுத்த முறை வரும்போது அந்த பாக்கெட்டையும் எடுத்து வரச் சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்து பின்பக்கத்தைப் படிப்போம். எடையில் எது அதிகமோ அது முதலில் வரும்படிதான் சேர்மானப் பொருட்களைப் போட வேண்டும் என்பது விதி. முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் படம் போட்டிருக்கும் பிஸ்கட்டின் பின்பக்கத்தில் முதல் பெயராகப் பலமுறை நான் பார்த்தது சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு, அதாவது மைதா. அடுத்துச் சர்க்கரை, அதற்கடுத்துப் பாமாயில். கேழ்வரகு அதற்கும் பிறகு, அடைப்புக்குறிக்குள் ஒரு சிறிய சதவீதத்தோடு வரும். சர்க்கரை இல்லை என்று அச்சிட வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அந்த விதி மைதாவையோ எண்ணெயையோ தொடுவதில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு பெயர் வரும். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி அது. சர்க்கரைக் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள், ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைப் போலவே வேகமாக ஏறும். கடைசியில் கலோரியைப் பார்த்தால் 100 கிராமுக்கு 450 முதல் 500 வரை. சாதாரண பிஸ்கட்டும் இதே அளவுதான். நாலே நாலு என்று சொன்ன பிஸ்கட்டுகள் ஏறக்குறைய மூன்று இட்லிக்குச் சமம். மூன்று இட்லி சாப்பிட்டால் சாப்பிட்டதாக வயிற்றுக்குத் தெரியும். நான்கு பிஸ்கட்டை வயிறு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

இந்த வித்தியாசத்தை அளந்தே காட்டிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற விஞ்ஞானியின் குழு 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறிய உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். ஆலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் சராசரியாகத் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். ஆலை உணவை அவர்கள் வேகமாகவும் சாப்பிட்டார்கள் என்பது அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

மெல்லும் வேலையில்லாத உணவு சீக்கிரம் இறங்கிவிடும், போதும் என்ற தகவல் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடும். 1977-லேயே பிரிட்டனில் ஆப்பிளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே அளவு கார்போஹைட்ரேட் இருக்கும்படி முழு ஆப்பிள், மசித்த ஆப்பிள், ஜூஸ் என மூன்று விதமாகக் கொடுத்தபோது, முழுப் பழம்தான் அதிகம் பசியாற்றியது, ஜூஸ் குறைவாகப் பசியாற்றியது. கொத்தவரங்காய்ப் பொரியலும் வாழைத்தண்டுக் கூட்டும் செய்வதும் இதைத்தான். அவற்றில் இருக்கும் நாரும் நீரும் வயிற்றில் இடம் பிடிக்கின்றன, பல்லுக்கு வேலை கொடுக்கின்றன. அளவோடு சாப்பிட வேண்டும் என்று நாம் மனதோடு மல்லுக்கட்டும் வேலையில் பாதியைக் காயே செய்துவிடுகிறது.

பதப்படுத்துவது எல்லாமே கெடுதல் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தயிரும் அரைத்த மாவும் பதப்படுத்தியவைதான். பதப்படுத்தல் நன்மை செய்ததற்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆரம்பம் நம் குன்னூர். பெரிபெரி நோயை ஆராய 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே தொடங்கிய சிறு ஆய்வுக்கூடம்தான் பின்னால் அந்த நிறுவனமாக வளர்ந்தது. நன்றாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களை பெரிபெரி வாட்டியது, புழுங்கல் அரிசிக்காரர்கள் பெருமளவு தப்பினார்கள். தயமின் என்ற வைட்டமின் குறைவால் வருவது பெரிபெரி; நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நெல் அவிப்பதும் பதப்படுத்தல்தான், அது தானியத்தின் சத்தைக் காப்பாற்றியது. பிரேசிலின் கார்லோஸ் மான்டெய்ரோ 2009-ல் முன்வைத்த நோவா வகைப்பாடு, உணவை எவ்வளவு தூரம் எதற்காகப் பதப்படுத்துகிறார்கள் என்று பார்த்து நான்காகப் பிரிக்கிறது. என்னிடம் வருகிறவர்களுக்கு அதைச் சுருக்கி இப்படிச் சொல்வேன்: பின்பக்கப் பட்டியலில் உங்கள் அடுப்படி அலமாரியில் எந்தக் காலத்திலும் இருந்திராத பெயர்கள் நிறைய வந்தால், அந்தப் பொருள் தினசரிக்கு வேண்டாம்.

இளைக்க வைக்கும் டீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பலவற்றில் சேர்வது நிலாவாரை இலை. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் விளைந்து, அந்த ஊர்ப் பெயரோடே உலகமெங்கும் போகிற மூலிகை அது. மலமிளக்கியாக அதற்கு மரியாதையான இடம் உண்டு. ஆனால் பேதியாகி எடை குறைந்தால் குறைந்தது தண்ணீர், கொழுப்பு அப்படியே இருக்கும். தினமும் குடித்தால் உடம்பின் பொட்டாசியம் குறையும். எடை மெஷின் காட்டும் எண்ணை நம்பிப் பெண்கள் இதை மாதக்கணக்கில் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

டப்பாவில் வரும் மாற்று உணவு பயன்படும் இடமும் இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாட்டை நிறுத்திவிட்டு தினம் 850 கலோரி அளவுக்குக் கரைத்துக் குடிக்கும் உணவு மட்டும் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுப்பாட்டுக்கு வந்திருந்தது. அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது, அதற்கொரு முடிவுத் தேதியும் இருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களும் படிப்படியாகச் சோற்றுத் தட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எந்த வழியில் இளைத்தாலும் கடைசியில் நிற்க வேண்டிய இடம் வீட்டு அடுப்படி.

இத்தனையும் எடுத்துச் சொன்ன பிறகு, ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதும் அம்மா ஒருவர் என்னிடம் அமைதியாகக் கேட்டார்: "நீங்க சொல்றதெல்லாம் சரி மேடம். கீரை ஆயணும், வாழைத்தண்டுல நார் எடுக்கணும். ஏழரைக்கு பஸ்சு. யாரு செய்யுறது?"

இந்தத் தொழிலில் நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அதுதான். பாக்கெட் அவருக்கு விற்றது நேரத்தை. ஓட்ஸின் ருசியிலோ விளம்பரத்திலோ அவர் மயங்கிப்போகவில்லை. மூன்று நிமிடத்தில் முடிகிற காலை உணவு அவருக்குத் தேவைப்பட்டது. நாங்கள் எழுதிக் கொடுக்கும் டயட் சார்ட்டில் 'கீரைப் பொரியல் ஒரு கப்' என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வாங்கி, ஆய்ந்து, மண் போக அலசி, நறுக்கி, வதக்கும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இளைக்க வேண்டியவர் கணவராக இருந்தாலும் அந்த முக்கால் மணி நேரம் மனைவியின் தலையில்தான் விழுகிறது. நேரத்தைப் பேசாமல் சத்தை மட்டும் பேசுகிற ஆலோசனை ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது.

அதனால் இரண்டாவது சந்திப்பில் அடுப்படியைப் பற்றிப் பேசுகிறேன். யார் வாங்குகிறார்கள், யார் நறுக்குகிறார்கள், எந்த நேரத்தில், ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்டுக் காய்களை இரண்டாகப் பிரிக்கிறோம். வேலை நாளுக்குச் சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, கேரட், வெண்பூசணி: பத்து நிமிடத்தில் நறுக்கி அடுப்பில் ஏற்றிவிடலாம். விடுமுறை நாளுக்கு வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை. தண்டை வில்லை வில்லையாக நறுக்கும்போதே விரலைச் சுழற்றினால் நார் விரலில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பெரியவர்களுக்கு இது கைவந்த வேலை, இளையவர்களுக்கு ஒருமுறை செய்து காட்ட வேண்டியிருக்கிறது. கீரையை முந்தின நாள் இரவே ஆய்ந்து, கழுவாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு நாள் வாடாது. கழுவுவது சமைக்கும்போதுதான்.

நாலு மணிப் பசிக்குச் சுண்டல். 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் மற்றதோடு குக்கரில் ஏற்றி, டப்பாவில் போட்டுக்கொண்டால் போதும். அதில் 9 கிராம் அளவுக்குப் புரதமும் 10 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் உண்டு. கலோரி அந்த நான்கு பிஸ்கட்டைத் தாண்டாது. அதன் பிறகு ராத்திரி எட்டு மணிவரை பசி எட்டிப் பார்ப்பதில்லை என்று பலரும் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் சொல்கிறது. தானியம் 250 கிராம். நம் மதியத் தட்டில் சோறு குவியலாகவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. பரிமாறும் வரிசையை மாற்றச் சொல்கிறேன். முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதியை நிரப்பட்டும், பருப்போ முட்டையோ மீனோ அடுத்து வரட்டும், மிச்ச இடத்துக்கு எவ்வளவு சோறு பிடிக்குமோ அவ்வளவு. சோற்றை விட்டாக வேண்டும் என்று வந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் முகத்தில் வெளிச்சம் வரும். அவர்களுக்குத் தெரிந்த குழம்பு, தெரிந்த ரசம், தெரிந்த காய்தான், பங்கு மட்டும் மாறுகிறது.

வீட்டுச் சமையல் என்பதற்காகக் கணக்கில்லாமல் சாப்பிட முடியாது. எண்ணெய் ஒரு டீஸ்பூன் 45 கலோரி. தாளிக்கும்போது நேரடியாகப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் கத்தரிக்காய் எல்லாவற்றையும் குடித்துவிடும். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்து, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை அரை லிட்டர் மட்டும் வாங்கச் சொல்கிறேன். தேங்காய், வேர்க்கடலை, மாம்பழம் எல்லாம் நல்ல உணவு, அளவு பார்க்க வேண்டிய உணவும்கூட.

காய் விலை ஏறிக்கிடக்கிறதே என்பார்கள். 1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை தொடங்கியது எங்கள் மதுரையில்தான். காலையில் போனால் அன்றைய விலைப் பலகையைப் பார்த்து, அந்தப் பருவத்தில் மலிந்து கிடப்பதை வாங்கலாம். டயட் பொருட்களுக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணம் காய்க்குப் போதுமானதாக இருக்கிறது. நேரம்தான் போதவில்லை.

அந்த நேரத்துக்கு ஒரே வழி வேலையைப் பங்குபோடுவது. இப்போதெல்லாம் அடுத்த சந்திப்புக்கு வீட்டில் உள்ளவர்களையும் கூட்டி வரச் சொல்கிறேன். "தம்பி, சாயங்காலம் டிவி பாக்குறப்போ அவரைக்காய் நார் எடுக்க முடியுமா?" என்று கல்லூரி போகும் மகனிடம் கேட்டால், பெரும்பாலும் தலையாட்டுகிறான். இதுவரை அவனிடம் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். என் சார்ட்டில் இப்போது சாப்பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு: வாங்குபவர், நறுக்குபவர், சமைப்பவர். அந்த மூன்று இடத்திலும் ஒரே பெயர் இருந்தால், எடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் பேசுகிறேன். நான் பார்த்தவரை, ஒரு வருடம் கழித்தும் குறைந்த எடை குறைந்தபடியே இருக்கும் வீடுகள் அந்தப் பத்தியில் இரண்டு மூன்று பெயர்கள் எழுத முடிந்த வீடுகள்தான்.